வேரைத் தோண்டாத சாயம்

நுணா மரத்தின் வேரைத் தோண்டினால் மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் கிடைக்கும், மரம் போய்விடும். மரத்தை விட்டுவிட்டு அந்த நிறத்தை மட்டும் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க முடியுமா என்பதுதான் எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரில் ஒரு கல்லூரியில் நான் செய்த ஆராய்ச்சி. துணிக்கும் ஆகும், மருந்துக்கும் ஆகும் என்பார் என் பேராசிரியர். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நுணாவின் இளந்தளிரை நறுக்கி, கிருமி நீக்கி, உப்புகளும் சர்க்கரையும் இளநீரும் கலந்த அகர் என்ற கடற்பாசிக் கூழின்மேல் வைத்தால் சில வாரங்களில் ஊறிய ஜவ்வரிசி போலச் செல்கள் திரண்டு வரும். கிருமி நீக்கும் இயந்திரம் மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் விடுதிச் சமையலறையில் கெஞ்சி வாங்கிய பிரஷர் குக்கர்தான் கதி. திரள் கொழுகொழுவென்று வளர்ந்தது. நிறம்தான் வரவில்லை. இரண்டு வருடமாக வெள்ளை வெளேரென்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சர்க்கரையைக் கூட்டினால் நிறம் வரும் என்று பேராசிரியர் எங்கோ படித்திருந்தார். சர்க்கரை அதிகமான கூழுக்கு மாற்றினேன். நான்கே நாளில் கருத்துச் செத்தது. மூன்று முறை மாற்றினேன், மூன்று முறையும் அதே கதி.

"டிசம்பர் லீவுக்குள்ள ஒரு குடுவையிலாவது கலர் காட்டும்மா. இல்லன்னா உன் குடுவை வைக்கிற ரேக்கை வேற ஆளுக்குக் குடுத்துட்டு, நீ ஏலகிரிக்குப் போய்ச் செடிங்களைப் பட்டியல் போடு" என்றார். பட்டியல் போடுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் என் இரண்டு வருடத்தைக் குப்பையில் கொட்டச் சொல்கிறாரே என்று எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்கு வீட்டுக்குப் போனேன். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில், மரப்பட்டை ஊறிய தண்ணீர்த் தொட்டிகளில் தோலை ஊறவைக்கும் வேலை பார்த்தார். மதியம் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மாவிடம் கத்திக்கொண்டு வந்தார்.

"புது மேஸ்திரிக்கு அறிவிருக்கா? பச்சைத் தோலை எடுத்த எடுப்புல புதுப்பட்டைத் தண்ணில போட்டுட்டான். மேல முறுகிப்போச்சு, உள்ள பச்சையாவே கெடக்குது. இன்னா அவசரம் அவனுக்கு?"

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தோலை முதலில் பலமுறை பயன்படுத்திய பழைய, வீரியமில்லாத தண்ணீரில் போடுவார்கள். பிறகு கொஞ்சம் காட்டமானது, அதற்கடுத்து இன்னும் காட்டமானது. புதுப்பட்டைத் தண்ணீர் கடைசியில்தான். நான் சோற்றில் வைத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த மேஸ்திரி செய்த தப்பைத்தான் நானும் மூன்று முறை செய்திருக்கிறேன்.

"இன்னாம்மா சிரிக்கிற? அங்க அத்தனை தோலும் பாழு!" என்று அப்பா என்மேலும் பாய்ந்தார்.

மறுநாளே வேலூர் திரும்பி, யாரிடமும் சொல்லாமல் தொடங்கினேன். வாரத்துக்கு ஒரு கூழ். ஒவ்வொன்றிலும் முந்தியதைவிடச் சர்க்கரை கொஞ்சமே கொஞ்சம் ஜாஸ்தி. நான்காவது மாற்றத்துக்குப் பிறகு ஒரு திரளின் ஓரம் மஞ்சளாக இருந்தது. பூஞ்சை பிடித்துவிட்டது என்று அந்தக் குடுவையைத் தனியே எடுத்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திரள் முழுக்க மஞ்சள், அதற்குமேல் ஆரஞ்சு. பூஞ்சை இல்லை. குடுவையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். குடுவையோடு ஓடக்கூடாது என்று ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டியவளே நான்தான்.

பேராசிரியர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிப்படியாக மாற்றியதைச் சொன்னேன்.

"எந்தக் கட்டுரையில படிச்ச? எழுதினவர் பேரைக் குறிப்பிடணுமே."

அதுவரை கல்லூரியில் யார் கேட்டாலும் அப்பா பிரைவேட் கம்பெனியில் இருக்கிறார் என்றே சொல்லிவந்தேன். ஆம்பூர் தாண்டும்போது தோல் நாற்றத்துக்குப் பஸ்ஸில் மூக்கைப் பொத்தும் தோழிகளிடம் வேறென்ன சொல்வது? அன்று குரலைத் தாழ்த்தவில்லை.

"கட்டுரை இல்ல சார். எங்கப்பா தோல் ஷாப்புல தொட்டி வேலை செய்றார். அங்க இப்டித்தான் செய்வாங்க."

அவர் பேனாவைத் திறந்தார்.

"அப்பா பேரு சொல்லும்மா. இனிஷியலோட."

என் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில், ஆங்கில அகரவரிசையின் புண்ணியத்தில், இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்களுக்கு மேலே என் அப்பா இருக்கிறார்.