திறந்து பார்க்காத தூசிப் பை

1. முதல் நாள்

வேக்குவம் கிளீனர் ரிப்பேர் செய்து பிழைத்தேன் என்றால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கெட்டுப்போனால் வீசிவிட்டுப் புதிது வாங்கும் சாமான் அவர்களுக்கு. பிரிக்பீல்ட்ஸில் இருபத்தாறு வருடம் இந்த ஒரு மெஷின்தான் எனக்குச் சோறு போட்டது. தொழில் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். கார்பன் பிரஷ் மாற்றுவதை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். நான் செய்த ஓர் அயோக்கியத்தனத்தை என்னைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. ஆகவே அதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் லிம் என்ற சீன முதலாளியின் கடையில் சேர்ந்தேன். தவுக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த அப்பாவிடம் மோட்டார் வேலை பழகியவன் என்ற திமிர் எனக்கு. முதல் நாளே ஸ்குரூடிரைவரை எடுத்து மோட்டார் மூடியில் வைத்தேன். தவுக்கே என் கையைத் தட்டிவிட்டார்.

“பேக் டூலு! மோட்டார் தாக் லாரி லா!”

முதலில் பை, மோட்டார் எங்கேயும் ஓடிவிடாது என்று மலாயில் அர்த்தம். அந்தக் கடையின் சட்டமே அதுதான். மெஷின் வந்ததும், எடுத்து வந்தவர் முன்னாலேயே பழைய பேப்பரை விரித்து, தூசிப் பையை அவிழ்த்துக் கொட்ட வேண்டும். குச்சியால் கிளறிக் காட்ட வேண்டும். சில்லறைக் காசு, கொண்டை ஊசி, ஒரு தடவை ஒரு தாலிக் குண்டுகூடக் கிடைத்தது. கிடைத்ததைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மோட்டார் பக்கம் திரும்பலாம். “பெரிய வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் வேலைக்காரியைப் பிடிப்பார்கள், இரண்டாவது நம்மைப் பிடிப்பார்கள்” என்பார் தவுக்கே.

2. சட்டையில்லாத மாப்பிள்ளை

தோட்டத் துரைமார்கள் ஊருக்குப் போகும்போது விட்டுச்சென்ற பழைய மெஷின்கள் கடைக்கு வரும். ஸ்பேர் பார்ட் கிடைக்காது, தவுக்கே பழைய இரும்புக்குப் போடச் சொல்வார். எனக்கு மனம் வராது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், ஆர்மேச்சர் சுற்றி, பேரிங் மாற்றி, பாலிஷ் போட்டு ஓடவிடுவேன். பதினொரு மெஷின் சேர்ந்துவிட்டது.

“மனுஷன் படுக்க எடமில்ல. இந்தப் பொணங்களுக்கு ஒரு ரூமா?” என்பாள் என் மனைவி செலின்.

அதில் ஒன்றின் மேல் எனக்குப் பைத்தியம். அலுமினிய உடம்பு, முன்னால் சின்ன லைட்டு வைத்த நிமிர்ந்த மாடல். எல்லாம் சரிசெய்துவிட்டேன், பை மட்டும் இல்லை. எலி கடித்துவிட்டது. கம்பெனி பெயர் அச்சடித்த அந்தக் கறுப்புத் துணிப் பை எங்கே கேட்டும் கிடைக்கவில்லை. டெய்லரிடம் கொடுத்து ஒரு சாதாப் பை தைத்தேன். பிடிக்காமல் கழற்றிவிட்டேன். சட்டையில்லாத மாப்பிள்ளையாக அது மூலையில் நின்றது.

ஒரு நாள் பங்சாரிலிருந்து ஒரு லாயர் வீட்டு மெஷின் வந்தது. மிசஸ் தேவன் என்ற அம்மாவுடையது. கொண்டுவந்த டிரைவர் மணி, “ஸ்விட்ச் போட்டா பொகையுது பாஸ்” என்று சொல்லி வைத்துவிட்டு அவசரமாகப் போய்விட்டார். மேலே சுற்றியிருந்த துணியை விலக்கிப் பார்த்தால் அதே மாடல். பை புத்தம் புதிதுபோல, எழுத்துகூட மங்கவில்லை.

தவுக்கே அப்போது கடையில் இல்லை. நான் அந்தப் பையை வாய் கட்டியபடியே கழற்றினேன், பேப்பரில் சுற்றினேன், என் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். மறுநாள் என் சாதாப் பையை மாட்டி, மோட்டாரைச் சரிசெய்து அனுப்பிவிட்டேன். தவுக்கே கேட்டபோது “பழசு கிழிஞ்சு போச்சு” என்றேன். திருடினேன் என்று எழுதவே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

3. தனம் வந்தாள்

நாலு நாள் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். பங்சாரிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

“அண்ணே, நான் தேவன் மேடம் வீட்டுல வேல செய்யற தனம். மேடத்தோட வைரத் தோடு ஒண்ணு காணோம். நான் எடுத்துட்டேன்னு சொல்றாங்க. மெஷின் போட்டப்ப உள்ள போயிருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம். பேக்குல பாத்தீங்களாண்ணே?”

தவுக்கே பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பை வீட்டில் இருக்கிறது என்று சொன்னால் அந்த நிமிடமே என் வேலை போகும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். மேசையில் கிடந்த ஸ்குரூக்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னேன்:

“பாத்துட்டேன்மா. ஒண்ணுமே இல்ல.”

“நல்லாப் பாத்தீங்களாண்ணே?”

“கொட்டிக் கிளறிப் பாத்தாச்சு. தூசிதான்.”

“சரிண்ணே” என்று போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனதும் திறந்து பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். அலமாரி மேல் பை இருந்தது. எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். உள்ளே தோடு இருந்தால்? போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் நான் திருடன். திறக்காதவரை எனக்கு ஒன்றும் தெரியாது. நான் இப்படிப்பட்ட கோழை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்தப் பையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். மெஷினில் மாட்டவும் இல்லை. எதற்காக எடுத்தேனோ அதற்குக்கூட உதவவில்லை.

பிறகு மணியிடம் விசாரித்தேன். தனத்தை நிறுத்திவிட்டார்களாம். அந்த வரிசையில் வேறு எந்த வீட்டிலும் சேர்க்கவில்லையாம். புருஷனோடு கேரி தீவில் மாமியார் வீட்டுக்கே போய்விட்டாளாம்.

4. ஒன்பது வருடம் கழித்து

தவுக்கே இறந்து, கடையை நான் எடுத்து நடத்திய காலம். வீடு மாற்றும்போது செலின் அந்த டின்னைக் குப்பையில் போடப் போனாள். பிடுங்கிக்கொண்டேன். இனி பயப்படுவதற்குத் தவுக்கேயும் இல்லை. பேப்பரை விரித்து, அவர் சொல்லிக் கொடுத்தபடி பையைக் கொட்டி, குச்சியால் கிளறினேன். தலைமுடி உருண்டைக்குள் தோடு இருந்தது.

தூசியைத் துடைத்து அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதலில் மிசஸ் தேவன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லித் தோட்டை வைத்தேன். அந்த அம்மாள் அதை விரலில் உருட்டிப் பார்த்தார்.

“ஓ, இதுவா. சரி, தேங்க்ஸ். அந்தப் பொண்ணு எப்படியும் அவ்வளவு சுத்தமா வேல செய்யாது. ஆமா, அந்த பேக் எங்களோடதுதானே? அதையும் கொடுத்துடுங்க.”

கொடுத்தேன். வேறென்ன செய்வது?

அடுத்த ஞாயிறு கிள்ளான் போய், அங்கிருந்து டாக்சி பிடித்துக் கேரி தீவுக்குப் போனேன். செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க்கான உதிரிப் பழம் பொறுக்கும் வேலையாம் தனத்துக்கு. வீட்டு வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடைப் பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒரு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

“உக்காருங்கண்ணே. மாமியா கடைக்குப் போயிருக்கு, இப்ப வந்துடும். இன்னைக்கு வரைக்கும் பீரோ சாவிய இடுப்பவிட்டு எடுக்காது. நான் உள்ள வந்தா தொட்டுப் பாக்கும். நீங்க உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்கண்ணே. அது போதும்.”

“சொல்றேம்மா. அதுக்குத்தான் வந்தேன்.”

அடுத்த பூட்ஸை எடுத்துத் தேய்த்தாள். பிறகு கேட்டாள்:

“மேடத்துகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“என்னாண்ணே சொன்னாங்க?”

அந்த அம்மாள் சொன்னதை இவளிடம் எப்படிச் சொல்வது? என் சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “ரொம்ப வருத்தப்பட்டாங்கம்மா. ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க.”

தனம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கும் இப்படித்தாண்ணே கீழ பாத்துக்கிட்டே சொன்னீங்க. அன்னைக்கு நம்பிட்டேன்.”

பூட்ஸைக் கவிழ்த்து வைத்தாள்.

“நீங்க போயிட்டு வாங்கண்ணே. மாமியாகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கிழவி வரும்வரை உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். அவமானம் தாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். டாக்சியில் வரும் வழியில் கையில் கடைச் சாமான் பையோடு ஒரு வயதான அம்மாள் எதிரே வந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து தெரிந்தது. டாக்சியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த மெஷின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, பை இல்லாமல். பழைய சாமான் பிரியர்கள் வந்து பார்த்துவிட்டு, “பேக் எங்க அங்கிள்?” என்று கேட்கிறார்கள். உட்காரச் சொல்லி, மிசஸ் தேவன் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொல்கிறேன், அவர்கள் முகத்தைப் பார்த்து. தரையைப் பார்க்காமல் பேச எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது. கேட்க வேண்டிய கிழவி அவர்களில் இல்லை.