எம லிங்கம் வரை கணக்கு

உட்கார்ந்து படித்தால் தூக்கம் வரும், நடந்துகொண்டே படித்தால் எப்படி வரும் என்று கேட்டவர் என் மாமா. அம்மாவின் தம்பி. அரசாங்கத் தேர்வுகளை எழுதி எழுதி, எந்த ஊர்த் தேர்வு மையத்தில் மின்விசிறி ஓடும் என்பதைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தவர். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது, இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் இருந்த எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

திருவண்ணாமலையில் மற்றவர்கள் பாவம் தொலைய மலையைச் சுற்றுவார்கள். நாங்கள் பாடம் ஏறச் சுற்றினோம். விடிவதற்கு முன்னால் மாமா என் போர்வையை உருவுவார். கிரிவலப் பாதையில் அக்னி லிங்கக் கோயிலிலிருந்து எம லிங்கம் வரை எனக்குக் கணக்குச் சூத்திரம். அங்கிருந்து நிருதி லிங்கம் வரை அவருக்குப் பொது அறிவு. நான் கேட்க, அவர் பதில் சொல்ல வேண்டும். பிறகு ஷேர் ஆட்டோவில் வீடு, இட்லி, பள்ளிக்கூடம். பௌர்ணமியன்று மட்டும் விடுமுறை. அன்றைக்கு அந்தச் சாலையில் நம் குரல் நமக்கே கேட்காது.

என்னை முன்னால் விட்டுப் பத்தடி பின்னால்தான் வருவார். அவ்வளவு தூரம் கேட்கிற மாதிரி சொன்னால்தான் மனதில் நிற்குமாம். நான் கத்திக்கொண்டே போவேன். வேதியியல் தேர்வு வந்த ஒருநாள், கண்ணை மூடிக்கொண்டு ஹைட்ரஜன், ஹீலியம் என்று அடுக்கியதை ஏதோ ஸ்தோத்திரம் என்று நினைத்து, ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மாள் என் கையில் வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டார். எனக்கு மானம் போயிற்று. மாமா அந்தப் பழத்தில் பாதி கேட்டார்.

அம்மாவிடம் போய் அழுதேன். அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே, "உன்ன எழுப்பணும்னுதான் அவன் எழுந்துக்கறான். கொஞ்ச நாள் பொறுத்துக்கடி" என்றாள். அது என் மண்டையில் ஏறவே இல்லை. எழுந்திருப்பவர் தனியாகப் போகட்டுமே என்றுதான் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுச் சுற்றும் போகலாம் என்று கூட்டிப்போனார். அடி அண்ணாமலை வரும்போது நன்றாக விடிந்துவிட்டது. சாலையோரம் ஓர் இளநீர்க் கடை. அங்கே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவள் என் வகுப்புக்காரி. யாரைப் பார்த்தாலும் பட்டப்பெயர் வைக்கிறவள். கடை அவளுடைய பெரியப்பாவுடையது. நான் சட்டென்று வாயை மூடிக்கொண்டேன்.

பின்னாலிருந்து மாமா, ஏன் நிறுத்திவிட்டாய், சொல்லு சொல்லு என்று குரல் கொடுத்தார். சாயம் போன டிராக் பேண்ட், வாராத தலை, தோளில் துண்டு. நான் வேகமாக நடந்தேன். அவரும் வேகமாக வந்தார்.

"யாருடி அது?" என்றாள் அவள்.

"தெரியல. ரொம்ப நேரமா பின்னாடியே வராரு."

யாரோ கிறுக்கன் என்று அவள் நினைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. ஒரு ஆள் பின்னால் வருகிறான் என்று ஒரு பெண் பிள்ளை சொன்னால் ஊர் என்ன செய்யும் என்று யோசிக்கிற புத்தி இல்லை. பெரியப்பா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அந்த மட்டும் நல்லவர். இரண்டு ஆட்டோக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார். யாருடா நீ என்று மாமாவின் பனியனைப் பிடித்துக் கேட்டார்கள். பதில் வருவதற்குள் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

மாமா என்னைப் பார்த்தார். மாமா என்று ஒரு வார்த்தை போதும். அவள் என் கையை இறுக்கமாகப் பிடித்திருந்தாள். இப்போது சொன்னால் நான் பொய்க்காரி.

"எங்க அக்கா பொண்ணு மாதிரி இருந்துச்சு. ஆள் தெரியாம கூப்பிட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றார் மாமா.

விட்டுவிட்டார்கள். கீழே விழுந்த துண்டை எடுத்து உதறிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். கிரிவலப் பாதையில் யாரும் அப்படித் திரும்பி நடக்க மாட்டார்கள். பெரியப்பா எனக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்து, பயப்படாதே கண்ணு என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அந்த இளநீரை நான் குடித்தேன். சே, அதையாவது வேண்டாம் என்றிருக்கலாம். இன்றைக்கும் நினைத்தால் முகம் சுடுகிறது.

வீட்டில் அம்மா கன்னத்தைப் பார்த்துக் கேட்டதற்கு, பல்வலி என்றார் மாமா. நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் பழக்கத்தில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. போர்வையை யாரும் உருவவில்லை. எட்டிப் பார்த்தேன். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்த வாரம் முழுவதும் அப்படியே. அவனுக்குப் பரீட்சை கிட்டே வருகிறதே என்று அம்மா சமையலறையில் முணுமுணுத்தாள். பாவம், இத்தனை நாள் எனக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர், இனிமேலாவது நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்து, அவர் அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.