அத்தர் கொட்டிய மத்தியானம்

எங்கள் அம்மாவுக்கு நகை ஆசை கிடையாது. புடவை ஆசையும் அவ்வளவாக இல்லை. வாசனை என்றால் மட்டும் பைத்தியம். மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கூடத்து அலமாரியில் ஈட்டி மரப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே பச்சை வெல்வெட்டில் குழி குழியாக வெட்டி, குழிக்கு ஒன்றாகச் சின்னக் கண்ணாடிச் சீசாக்கள். ரோஜா, மல்லிகை, தாழம்பூ, வெட்டிவேர், அகில், கஸ்தூரி. புது மழை விழுந்த மண்ணின் வாசனைகூட ஒரு சீசாவில் இருந்தது. மழையை எப்படிப் பிடித்துத் தக்கையால் அடைத்தார்கள் என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு.

ராயப்பேட்டையிலிருந்து அத்தர் பாய் வருவார். வாசல் படியில் உட்கார்ந்து, குச்சியில் சுற்றிய பஞ்சைச் சீசாவில் தோய்த்து நீட்டுவார். அம்மா உடனே முகர மாட்டாள். பஞ்சைப் புறங்கையில் தொட்டுவிட்டு உள்ளே போய், கொடியில் காயும் துணியை எடுத்து மடித்துவிட்டு வந்து, அப்புறம்தான் கையை மூக்கருகே கொண்டுபோவாள். "அவசரப்பட்டா பொய் சொல்லும் பாய், சித்த நாழி விட்டாத்தான் நிஜம் வெளியே வரும்" என்பாள். பாய் சந்தோஷமாகத் தலையாட்டுவார். அவருடைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் ஜமீன்தார்கள். ஆனால் நிதானமாக முகர்ந்து பார்த்து வாங்கியது எங்கள் அம்மா ஒருத்திதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் வேலையெல்லாம் முடிந்த பிறகு அம்மா கையைப் பயத்தம்மாவு போட்டுக் கழுவிக்கொண்டு பெட்டியைத் திறப்பாள். வெயில் காலத்தில் வெட்டிவேர், மார்கழி மாதக் குளிருக்குக் கஸ்தூரி என்று அவளுக்கு ஒரு கணக்கு. காது மடலின் பின்னால் ஒரு துளி, மணிக்கட்டில் ஒரு துளி, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் எனக்கும் உண்டு. பூசிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துத் தானே முகர்ந்து பார்ப்பாள். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும், "இது என்ன வீடா, நவாப் அரண்மனையா?" என்று சலித்துக்கொண்டே அவள் பக்கத்தில் போய்த்தான் உட்காருவார்.

அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு விரோதி என் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு, கதர் கட்டிக்கொண்டு, அந்நியத் துணிக் கடைகளின் முன்னால் மறியல் செய்துகொண்டிருந்தார். பெட்டியில் நீலக் கண்ணாடியில் சீமை சென்ட் ஒன்றும் இருந்தது. வரும்போதெல்லாம் அதைச் சாக்கடையில் கொட்டச் சொல்லி மாமா சண்டை போடுவார். "போடா, பூவுக்கு ஏதுடா தேசம்?" என்று அம்மா பெட்டியைப் பூட்டிக்கொள்வாள். அப்பா சர்க்கார் உத்தியோகஸ்தர். மாமா வந்தால் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். ஒரு மத்தியானம் பின்கதவு தடதடவென்று இடிபட்டது. அம்மா திறந்தாள். மாமா நின்றார். தலையில் சுற்றியிருந்த மேல்துண்டு முழுக்க ரத்தம். சட்டைக்காலர் கழுத்தோடு ஒட்டிப் போயிருந்தது.

"என்னடா இது கோலம்!"

"கத்தாதே அக்கா. போலீஸ்காரா தடியால அடிச்சுட்டா. ரயில்ல ஏறி, கோடம்பாக்கத்துல இறங்கித் தோப்பு வழியா ஓடி வந்தேன். பின்னாடியே வந்துண்டிருக்கா."

அம்மா கத்தவில்லை. மாமாவைக் கூடத்தில் உட்கார்த்தி, டிங்சர் பாட்டிலைக் கொண்டுவந்தாள். அவசரத்தில் மருந்தில் பாதி தரையில் சிந்தியது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டார். அம்மா கட்டுப் போட்டு, அவரைச் சாமான் அறைக்குள் தள்ளி, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். தரையை ஈரத்துணியால் துடைத்தாள். "மாமா வந்ததை யார் கேட்டாலும் சொல்லாதே" என்றாள் என்னிடம். தலையாட்டினேன்.

அதற்குள் தெருவில் பூட்ஸ் சத்தம். பக்கத்து வீட்டில் ஏதோ விசாரிக்கும் குரல் கேட்டது. அப்போதெல்லாம் மாம்பலத்தில் வீடுகள் குறைவு. இரண்டு காலி மனைகளைத் தாண்டினால் எங்கள் வீடுதான்.

அம்மா கூடத்தின் நடுவில் நின்று மூச்சை இழுத்தாள். அத்தர் முகரும்போது நிற்பாளே, அதே மாதிரி. ரத்தத்தைத் துடைத்தாயிற்று, டிங்சர் நெடியைத் துடைக்க முடியவில்லை. அது ஆஸ்பத்திரி போலக் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. தெருவில் வருகிறவன் வாசல்படி ஏறும்போதே தெரிந்துகொள்வான்.

அவள் அலமாரியைத் திறந்தாள். ஈட்டி மரப் பெட்டியை எடுத்தாள். ஒரு கணம் மார்போடு வைத்துக்கொண்டிருந்தாள் என்று ஞாபகம். பிறகு அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

சீசாக்கள் சிமெண்டுத் தரையில் சிதறி உடைந்தன. உடையாதவற்றை அம்மிக் குழவியால் தட்டினாள். சீமை சென்ட்தான் கடைசியில் உடைந்தது. அத்தனை பூக்களும் கஸ்தூரியும் அகிலும் ஒன்றாகச் சேர்ந்தபோது அதை வாசனை என்று சொல்ல முடியவில்லை. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் நிழல் விழுந்தது. இன்ஸ்பெக்டர் ஒருவர், பின்னால் சிவப்புத் தலைப்பாகையோடு ஒரு கான்ஸ்டபிள்.

அந்த நிமிஷத்தில் என் கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விழுந்தது.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், என் பெட்டியைத் தொடாதேன்னு! பாரு, எல்லாத்தையும் கொட்டித் தொலைச்சுட்டயே!"

அம்மா அதுவரை என்னை அடித்ததில்லை. "நான் தொடலைம்மா!" என்று அலறினேன். "நீதானே..."

இன்னோர் அறை. தேம்பித் தேம்பி அழுதேன்.

"போதும்மா. பச்சைக் குழந்தை, விட்டுடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். "ஒரு மறியல்காரப் பையன் இந்தப் பக்கம் ஓடி வந்தான். பார்த்தீங்களா?"

"ஆத்துல நானும் குழந்தையும்தான். அவர் ஆபீஸுக்குப் போயிருக்கார். வேணும்னா பாத்துக்கோங்கோ."

சாமான் அறைக் கதவு அவருக்கு ஆறேழு அடி தள்ளி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அம்மா பார்க்கவில்லை. நான் பார்த்துவிடப் போகிறேனே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதேன்.

"இன்னா நெடி கீதுய்யா! தலைய சுத்திக்கினு வருது" என்று முனகிக்கொண்டே கான்ஸ்டபிள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது: "ஐயா, இங்க படியாண்ட ரத்தம் கீதுய்யா!"

பின்வாசல் படியை அம்மா துடைக்க மறந்திருந்தாள். இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. கைக்குட்டையை எடுத்துவிட்டுப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அம்மா கண்ணாடிச் சில்லுகளின் ஓரத்தில் நின்றிருந்தாள். இடது காலை மெதுவாக எடுத்து, நடுவில் கிடந்த நீலச் சில்லின் மேல் வைத்தாள். வைத்து, அழுத்தினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணாடி ஏறிடுத்து" என்றாள். "துடைக்கத் துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போயிட்டு வந்தேன். அதான் படியில பட்டிருக்கும்."

இன்ஸ்பெக்டர் அவள் காலைப் பார்த்தார். ரத்தம் அப்போதுதான் பெருகத் தொடங்கியிருந்தது. கூடத்துக்கும் பின்வாசலுக்கும் நடுவில் தரை பளிச்சென்று இருந்தது. ஒரு துளி இல்லை. அந்தத் தரையையும் அவர் பார்த்தார். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு வீங்கிச் சிவந்திருந்த என் கன்னத்தை.

"காலுக்கு மருந்து போடுங்கம்மா" என்றார். "யோவ், வாய்யா போகலாம். அடுத்த தெருவைப் பார்ப்போம்."

பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறையும்வரை அம்மா அதே இடத்தில் நின்றாள். அப்புறம் உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். ஏன் அடித்தாள் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். மாமாவுக்காக அடி வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

சாயங்காலம் அப்பா வந்தார். தெருக்கோடியிலேயே வாசனை அடித்ததாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மாமாவைத் திட்டுவார் என்று பயந்தேன். அவரோ தன் கோட்டையும் தலைப்பாகையையும் மாமாவுக்கு அணிவித்து, குதிரை வண்டி பிடித்து, தானே மயிலாப்பூரில் ஒரு சிநேகிதர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

ஐப்பசி மழை வரும்வரை எங்கள் வீடு மணத்துக்கொண்டிருந்தது. வருகிறவர்களெல்லாம் காரணம் கேட்டார்கள். குழந்தை உடைத்துவிட்டது என்று அம்மா சொல்வாள். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நானும் உடைத்தவள் போலவே தலையைக் குனிந்துகொள்வேன். அதில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

கால் ஆறிய பிறகும் அம்மா வாசனை எதுவும் பூசிக்கொள்ளவில்லை. பாய் வந்தால், "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவாள். சீசாக்கள் போன துக்கம் என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தீபாவளிக்கு முன்னால் அப்பா பாயிடம் சொல்லி ரோஜா அத்தர் ஒன்று வாங்கி வந்து அம்மாவின் கையில் வைத்தார். அம்மா சிரித்தாள். அதை அப்படியே அலமாரியில் வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே கேட்டேன். "எடுத்துக்கோ" என்றாள். தக்கையைத் திறந்து மணிக்கட்டில் ஒரு துளி தொட்டுக்கொண்டு, துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். பழைய வழக்கப்படி என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். அவள் விரல்கள் சில்லென்று ஆகிவிட்டன. கையை விடாமலே திரும்பிக் கொல்லைப்பக்கம் பார்த்தாள்.

"பின்கதவு தாப்பாள் போட்டிருக்கா, போய்ப் பாரு" என்றாள்.

பூனை உள்ளே வந்துவிடும் என்றுதான் கேட்கிறாள் என நினைத்துக்கொண்டு, நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "போட்டிருக்கும்மா" என்று அங்கிருந்தே கத்தினேன்.