பாதிரியாருக்குப் போட்ட கொத்துக்கறி

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கணவன் போன பிறகு அவள் வாய்விட்டுப் பேசியதெல்லாம் ஒரு கரவாங் பறவையோடுதான். காக்கை அளவு இருக்கும், கறுப்பு அங்கி, மஞ்சள் கண், பெரிய அலகு. நடையில் வேறு ஒரு கம்பீரம். பாதிரியார் என்று பெயர் வைத்துவிட்டாள். காலையில் அவர் வராந்தாக் கம்பியில் வந்து குரல் கொடுத்தால், தன் டீயை ஆறவிட்டுக் கொத்துக்கறியோடு ஓடுவாள். உள்ளங்கையில் இருந்தே எடுத்துத் தின்பார். அலகு ஒருநாளும் தோலில் பட்டதில்லை. அந்த நாசூக்கில் சொக்கிப்போனாள்.

அந்த வசந்தத்தில் ஓடையோரத் தைலமரத்தில், புல்லுருவிக் கொத்துக்குள், ஒரு தேன்குருவி ஜோடி கூடு கட்டியது. மஞ்சளும் கறுப்புமான அந்தக் குருவி நாடெங்கும் அருகிப்போனது. எங்கள் பள்ளத்தாக்கில் அதன் குரல் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. எப்போதாவது போய்த் தூரத்தில் நின்று பார், போதும் என்று பறவைச் சங்கத்தார் வெர்னாவிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டால்தானே! பாதிரியாருக்குத் தீனி போட்ட கையோடு தினமும் கிளம்பிவிடுவாள். நீளக் குச்சியில் முகம் பார்க்கும் கண்ணாடி கட்டிக் கூட்டுக்கு மேலே பிடித்து, முட்டைகளைப் பார்த்துப் பூரித்துப்போய்த் திரும்புவாள்.

ஒருநாள் போனபோது கூடு கிழிந்து தொங்கியது. கீழே முட்டை ஓடு கிடந்தது. வெர்னா நேராகப் பக்கத்து வீட்டு மெர்வ் வேலிக்குப் போய் நின்றாள்.

"ஒன் பூனையை உள்ள போட்டுப் பூட்டுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"அது நாற்காலி ஏறவே என் மூஞ்சியப் பாக்குது, வெர்னா. மரம் ஏறுமாக்கும்."

"ஆமா, நீயும் ஒன் பூனையும் ரொம்ப யோக்கியம்."

"சரிம்மா, அப்படியே வச்சுக்கோ."

அதோடு பேச்சு நின்றுபோனது.

குருவிகள் ஊரைவிட்டுப் போகவில்லை. ஓடையின் மேற்பக்கம் வேறொரு மரத்தில் மறுபடி கட்டின. இதுவும் போனால் அந்தப் பருவத்துக்கு அவ்வளவுதான். பெண் குருவி உள்ளே அமர்ந்திருந்த காலையில், வெர்னா குச்சியைத் தூக்கப்போனாள். பின்னால் இறக்கைச் சத்தம். திரும்பினால் தாழ்ந்த கிளையில் பாதிரியார். அவர் பார்வை அவள்மேல் இல்லை, கண்ணாடிமேல் இருந்தது.

அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. குச்சியைத் தாழ்த்திக்கொண்டு எதிர்ப்பக்க மேட்டுக்கு நடந்தாள். அவரும் மரம் மரமாகத் தாவிக் கூடவே வந்தார். அங்கே ஒரு வெற்றுப் புல்லுருவிக் கொத்துக்கு நேராகக் கண்ணாடியைப் பிடித்தாள். அவ்வளவுதான், பாதிரியார் அதற்குள் பாய்ந்து இலை இலையாகப் பிய்த்துப் போட்டுத் தேடினார்.

"அடப்பாவி," என்றாள் வெர்னா. "என் கையில தின்னுட்டு, என் பின்னாலயே வந்தியா?"

கல்லை எடுத்து வீசினாள். அவர் நகர்ந்து அடுத்த கிளையில் உட்கார்ந்தார். அவளிடம் அவருக்கு என்ன பயம்? வெர்னா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். திருடனுக்குச் சோறு போட்டு வீட்டையும் காட்டிக்கொடுத்தவள் தான்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் கேக் தட்டோடு மெர்வ் வேலிக்குப் போனாள்.

"ஒன் பூனை மேல தப்பில்ல மெர்வ். மன்னிச்சிடு. மேல் ஓடைக் கூட்டைத் தூரத்துல நின்னு நீதான் பாத்துக்கணும். நான் அந்தப் பக்கமே வர முடியாது."

"பூனைகிட்டயும் ஒரு மன்னிப்பு கேட்டுடு," என்றபடி மெர்வ் கேக்கை வாங்கிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து வெர்னா கண்ணாடிக் குச்சியோடு மேட்டுக்கே போனாள். காலி மரங்களை அண்ணாந்து பார்த்தாள். பாதிரியாருக்கு நம்பிக்கை விட்டுப்போகாதபடி புல்லுருவி இடுக்கில் கொத்துக்கறியை ஒளித்துவைத்தாள். மழையிலும் போனாள். மேல் ஓடைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரு காலை மெர்வ் மூச்சிரைக்க வராந்தா ஏறி வந்தான்.

"ரெண்டு குஞ்சு வெர்னா, ரெண்டும் பறந்திடுச்சு. நீ இருந்து பாத்திருக்கணும்."

"பறந்திடுச்சா?" என்றாள். கம்பிப் பக்கம் நீட்டியிருந்த கையை அவள் கீழே போடவில்லை.

பாதிரியார் கம்பியிலிருந்து குனிந்து உள்ளங்கையின் கடைசித் துணுக்கை எடுத்தார். அலகு தோலில் படவே இல்லை.