கயிற்றைப் பிடித்த கை

செங்கல்பட்டில், சிறார் சீர்திருத்த இல்லத்திலிருந்து வெளியே வரும் பையன்களுக்கு ஆறு மாதம் துணையாக இருக்க ஆள் கேட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. கூடுவாஞ்சேரி லேத் பட்டறையில் இருந்த நான் போனேன். சேவை ஆசை எல்லாம் இல்லை. பட்டறையில் எது காணாமல் போனாலும் முதலில் என் பையைத்தான் தடவுவார்கள். என் தெருப் பெயர் போதும் அவர்களுக்கு. அந்தக் கோபம்தான்.

எனக்குக் கொடுத்த பையன் சதுரங்கப்பட்டினத்துக்காரன். படகு இன்ஜின் திருடி உள்ளே போனவன். திரும்பியதும் அவனை யாரும் படகில் ஏற்றவில்லை. மிச்சம் இருந்தது கரைவலை. கரையில் நின்று வலை இழுக்கும்போது யார் கயிற்றைப் பிடித்தாலும் மீனில் பங்கு உண்டு. ஊர் வழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அவன் கயிற்றைப் பிடித்திருந்தான்.

“கைய எட்றா” என்றார் வலைக்காரர்.

“இன்னாத்துக்கு?”

“வாராவாரம் உன்னத் தேடி போலீசு வந்துகினு கீது. இன்னும் இன்னா கேசு பாக்கியோ?”

“போலீசா? எப்போ?”

“தோ நிக்கிறாரே!”

என்னைத்தான் காட்டினார். பட்டறைக் காக்கி பேண்ட், ஒட்ட வெட்டிய முடி, கையில் ஃபைல்.

“யோவ், நான் லேத்துக்காரன்யா!”

“அப்ப அவன் வூட்டாண்ட நின்னு இன்னா எழுதிகினு போற?”

மூன்று மாதமாகத் தெருவே பார்க்க, வாசலில் நின்று அவன் ஒழுக்கத்தைப் படிவத்தில் நிரப்பியிருக்கிறேன். இல்லத்து ஆபீஸ் சொன்னது, செய்தேன். மடத்தனம். அவனைத் தூக்கிவிட வந்த நானே அவன் நெற்றியில் முத்திரை குத்தியிருந்தேன்.

ஃபைலை மணலில் எறிந்தேன். பேண்டை மடித்துக்கொண்டு அவன் பின்னால் கயிற்றைப் பிடித்தேன்.

“திருடினான். அதுக்கு உள்ள இருந்துட்டும் வந்துட்டான். இப்ப எடுக்கணும்னா ரெண்டு பேர் கையையும் எடுக்கணும். எடுத்துப் பாரு.”

பின்னாலிருந்து ஒரு அம்மா கத்தினாள்: “அண்ணாத்த, இழுக்கத் தெரியுமா, எழுத மட்டுந்தானா?”

கயிறு முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வலை கரையேறியது. வலைக்காரர் மற்ற எல்லோருக்கும் ரெண்டு கை மத்தி அள்ளிப் போட்டார். அவனுக்கு ஒரு கை. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: “இன்னொரு கை போடு நைனா. நானும் இழுத்தேன்.”

வலைக்காரர் முறைத்தார். போட்டார்.

“நாளைக்கி எப்போ வரணும்?”

“விடியக்காத்தால வா” என்றவர், என்னைப் பார்த்தபடியே முடித்தார்: “அந்த ஆள மட்டும் இட்டுகினு வராத.”