நெட்டுக்குப்பத்தில் ஓர் எருமைக் கொம்பு

பழைய தீமூட்டும் கொம்புகளைத் தேடி நெட்டுக்குப்பம் வந்திருக்கிறேன். மீன் காயவைக்கும் முனியம்மா ஓர் எருமைக் கொம்பைத் திறந்து காட்டுகிறார். உள்ளே கருகிய பஞ்சு, சக்கிமுக்கிக் கல், இரும்புத் துண்டு.

“பக்கத்திலேயே தீப்பெட்டி ஆலை இருக்கே?”

“நனைஞ்சா அது இன்னாத்துக்கு ஆவும், நைனா? போன பொயல்ல எங்க வூட்டுக்காரரு இத்தாலதான் பந்தம் கொளுத்துனாரு. கப்பல்காரன் பாத்துட்டான். கட்டுமரத்துல போன நாலு பேரும் உசுரோட வந்தாங்கோ.”

“மியூசியத்துக்குக் கொடுப்பீங்களா?”

“அப்பால அவரு கடலுக்கு இன்னாத்த எடுத்துக்கினு போவாரு? வேணும்னா எழுதிக்கோ. கொம்பைக் கொடைஞ்சு மூடி போட்டது நான்தான்.”

என் நோட்டில் ‘செய்தவர்’ என்ற இடத்தில் இதுவரை ‘தெரியவில்லை’ என்றே எழுதி வந்திருக்கிறேன். இன்றுதான் முதல் முறையாக ஒரு பெயரை எழுதுகிறேன்.

முனியம்மா குனிந்து பார்க்கிறார்.

“இன்னும் பெருசா எழுது” என்கிறார்.