அத்தையின் தவக்காலம்

எங்கள் வீட்டுச் செபம் தெருவுக்கே கேட்கும். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கடைசி பெஞ்சுக்கு எட்டுகிற குரலில்தான் கடவுளிடமும் பேசுவார். கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்கட்டில் வீட்டுக்கார ஆச்சி இருந்தார். நடுவில் ஒரு கதவுதான்.

தினமும் விளக்கு வைத்ததும் செபமாலை. ஒவ்வொரு பத்து மணியையும் தொடங்குமுன் யாராவது ஒருவர் வாய்விட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும், இன்னாருக்காக இன்னதை வேண்டுகிறோம் என்று. அப்பா திருச்சபைக்காகவும் மழைக்காகவும் வேண்டுவார். அம்மாவுக்கு ஒரே கருத்துதான்: அத்தைக்கு நல்ல வரன் அமைய வேண்டும். எனக்கு எதுவும் தோன்றாத நாட்களில் நானும் அதையே சொல்லிவிடுவேன்.

அத்தை அப்பாவின் தங்கை. காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். முப்பதைத் தாண்டியிருந்தாள். அவளுக்காக நாங்கள் வேண்டும்போது அவளும் முட்டி போட்டுக்கொண்டு, யாருக்கோ வேண்டுவதைப்போல, “தூய மரியே, இறைவனின் தாயே” என்று பதில் சொல்வாள். மறுநாள் அவள் வேலை முடிந்து வரும்போது ஆச்சி வாசலில் நிறுத்துவார்.

“கவலப்படாத ஆத்தா. அரியக்குடிப் பெருமாள்ட்ட நானும் சொல்லி வச்சிருக்கேன்.”

அத்தை சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இரண்டு மதத்துக் கடவுள்களும் சேர்ந்து கவனிக்கும் விஷயம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதற்கு முன் அப்பா மதுரையில் ஒரு தியானத்துக்குப் போய்வந்தார். போனவர் வேறு ஆளாகத் திரும்பினார்.

“நாமளே பேசிக்கிட்டிருந்தா அவரு எப்பப் பேசுவாரு?” என்று அம்மாவிடம் கேட்டார். தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனிலிருந்து செபமாலையை அவரவர் மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும், கருத்தும் மனதுக்குள்தான், பிறகு அரை மணி நேரம் மௌனம் என்று முடிவாயிற்று. வரனுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்பதையும் அப்பா மறைக்கவில்லை. சத்தமாகக் கேட்டுப் பார்த்தாயிற்று, இனி ஆழமாகக் கேட்போம் என்பது அவர் கணக்கு.

அந்த அரை மணி நேரம் எனக்கு நரகம். கால் மரத்துப்போகும். கொசுவை அடிக்கக் கூடாது. கண்ணைத் திறந்தால், பரீட்சை ஹாலில் நிற்பவரைப்போல அப்பா ஒற்றைக் கண்ணால் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார். அத்தை மட்டும் சுவரில் சாயாமல், மடியில் கையை வைத்தபடி அசையாமல் இருப்பாள்.

முதல் வாரக் கடைசியில் அப்பா ஒவ்வொருவரையும் கேட்டார், ஆண்டவர் என்ன சொன்னார் என்று. மாவு ஆட்டவில்லையே என்ற நினைப்புத்தான் வந்ததாக அம்மா ஒப்புக்கொண்டாள். நன்றாகப் படிக்கச் சொன்னார் என்று நான் புளுகினேன். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

“ஒனக்கு?” என்று அத்தையைக் கேட்டார்.

“ஒண்ணும் சொல்லலண்ணே. நானும் ஒண்ணும் கேக்கல. ரெண்டு பேரும் சும்மா இருந்தோம்.”

அப்பா முகம் மாறிவிட்டது. “எல்லாரும் ஒனக்காகக் கஷ்டப்பட்டு ஒக்காந்திருக்கோம். நீ கேக்கலங்கிற.”

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் அதற்கப்புறமும் அவள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. மௌனம் முடிந்து அப்பா கனைத்ததும் நாங்கள் எழுந்து ஓடுவோம். அவள் இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் வருவாள். தவக்காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள் என்பதால் பெண் பார்க்கவும் யாரும் வரவில்லை. ஆச்சிகூட ஒரு நாள் அம்மாவிடம் விசாரித்தார்: “சத்தத்தையே காணோமேத்தா. ஊருக்குப் போயிட்டீகளோன்னு நெனச்சேன்.” வாசலில் அத்தையை நிறுத்துவதும் நின்றுபோயிருந்தது. அத்தை அந்த நாட்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போதே ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தாள்.

உயிர்ப்பு ஞாயிறன்று, தவக்காலம் முழுக்க எட்டிப் பார்க்காத ஆட்டுக்கறி எங்கள் வீட்டுக்கு வந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா சொன்னார், அடுத்த வாரம் தேவகோட்டையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், இன்று முதல் பழையபடி வாய்விட்டே வேண்டுவோம் என்று.

“அண்ணே, அந்த அர மணி நேரம் மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே” என்றாள் அத்தை. அவள் எதையாவது கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“சும்மா இருந்து என்னத்தக் கண்டோம்?” என்றார் அப்பா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. தங்கைக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற அவசரம்தான் அவருக்கு.

அன்று மாலையே அம்மாவின் குரல் கதவைத் தாண்டிப் போயிற்று: அத்தைக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று. அத்தை எல்லோரையும்விடச் சத்தமாகப் பதில் சொன்னாள்.

செபம் முடிந்து, கால் மரத்துப்போகாத சந்தோஷத்தில் அவளிடம் ஓடினேன்.

“அத்தே, தவக்காலம் முடிஞ்சிருச்சு. இனிமே தெனம் கறி திங்கலாம்.”

“இன்னுங் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்” என்றாள் அத்தை.

கறி வேண்டாமென்று சொல்கிற ஒருத்தியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று போய் அம்மாவிடம் சொன்னேன்.